ருசிக் கட்டத்தில் இரண்டு கையெழுத்து

ஓய்வு பெற்றவனை யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். போன கிழமை பகலில் லுஹர் தொழுதுவிட்டு வந்து சாய்ந்திருக்கிற நேரம் பார்த்து, பர்ஹானா மிஸ் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். நான் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இப்போது பொறியியலாளராக வந்திருப்பவர் அவர். நிந்தவூர்ப் பிள்ளை, கெட்டிக்காரி. கல்முனையில் இருந்துகொண்டே நிலையத்தில் எந்தத் தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்லிவிடுவார். படத்தில் இருந்தது எங்கள் பழைய பதிவேட்டின் ஒரு பக்கம். கூடவே குரலில் ஒரு செய்தி, எங்கள் ஊரில் அண்ணன் என்பதற்குச் சொல்கிற ‘காக்கா’வோடு.

“அலியார் காக்கா, பழைய புத்தகமெல்லாம் கட்டி ஏத்தப் போறம். இனி எல்லாம் கம்பியூட்டர்லதானே. ஒரு சந்தேகம். கடைசிக் கட்டத்தில ‘ருசி’ எண்டு போட்டிரிக்கி. அதென்ன ருசி? சமையல் போட்டியா நடத்தின நீங்க? அதுக்குள்ள ஒரு நாளைக்கு மட்டும் ரெண்டு பேர் கையெழுத்து வெச்சிரிக்கீங்க. ஏன்?”

கேலி செய்கிற பிள்ளைக்குப் போனில் விரலால் தட்டிப் பதில் சொல்ல என்னால் ஆகாது. எழுதித்தான் தீர வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டப் போவதில்லை. முதல் வருடம் வடிகட்டி மணல் கழுவினேன். இரண்டாம் வருடமும் மணல்தான். மூன்றாம் வருடம் ஒரு பம்பின் ஆளியை, அதாவது சுவிட்சை, தொட விட்டார்கள். அன்று வீட்டுக்குப் போய், தொட்டதை மனைவி சுபைதாவிடம் சொன்னேன். “அதுக்கு மூணு வருஷமா?” என்று கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

தண்ணீர் சுத்திகரிப்பது ஒன்றும் மந்திரமல்ல. குளத்திலிருந்து வாய்க்கால் வழியாக வருகிற தண்ணீர் மாரியில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அதற்குள் சீனக்காரக் கரைசலை விட வேண்டும். புத்தகத்தில் படிகாரம் என்பார்கள். சவரம் செய்து முடித்ததும் கன்னத்தில் தடவுகிற அதே வெள்ளைக் கல். அது விழுந்ததும் தண்ணீரில் தனித்தனியாகத் திரிகிற தூசியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு மாதிரித் திரண்டு அடியில் அமிழும். மேல்தண்ணீரை மணலில் வடித்து, குளோரின் சேர்த்து, தெளிநீர்த் தொட்டியில் விட்டு, அங்கிருந்து ஊர்களில் நிற்கிற உயரமான தாங்கிகளுக்குப் பம்பினால் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்பதற்குள் எத்தனை பிழை விடலாம் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் கிழக்குக் கரையில் வேறு யாருக்கும் தெரியாது.

எனக்கு இதைப் பழக்கியவர் தெய்வநாயகம் சேர். காரைதீவு மனிதர், இரசாயனம் படித்தவர், நிலையத்தின் பொறுப்பாளர். நிலையத்தோடு ஒட்டிய குவாட்டர்ஸில் இருந்தார். சட்டைப் பையில் பேனா வைப்பதுபோல, மேசை லாச்சியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு தடித்த கண்ணாடிக் கிளாஸ் வைத்திருப்பார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அதில் யாரோ ஒருவர் பிளேன்டீ குடித்துவிட்டார் என்பதற்காக அவரோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவர். அந்த யாரோ நான்தான்.

நாளைக்கு மூன்று தடவை தெளிநீர்த் தொட்டியில் தண்ணீர் எடுத்து எல்லாச் சோதனையும் செய்வோம். கலங்கல் பார்ப்போம், குளோரின் பார்ப்போம், புளிப்பா காரமா என்று பீ.எச். பார்ப்போம். எல்லாம் முடிந்த பிறகு சேர் அந்தக் கிளாஸை எடுப்பார். அதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னரே வெறுந்தண்ணீரால் வாய் கொப்பளித்திருப்பார். இந்த வேலைக்காக வெற்றிலையை விட்டவர் என்று அவருடைய மனைவி எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கிளாஸில் பாதிக்குத் தண்ணீர். முதலில் மணப்பார். பிறகு ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, நாக்கின் இரண்டு பக்கமும் உருட்டுவார். விழுங்குவார். மூக்கால் மூச்சை மெல்ல விடுவார். அதற்குப் பிறகும் கொஞ்சம் நிற்பார். புதிதாக வந்தவர்கள் அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். கடைசியில் பேனாவைத் திறந்து, ருசிக் கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்.

“சேர், மீற்றர் எல்லாம் சரியெண்டு காட்டுதே. பிறகு என்னத்துக்கு இந்தக் குடி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊர்ச்சனம் மீற்றரால குடிக்கிறதில்ல ஐசே. வாயாலதான் குடிக்குது,” என்றார்; அவருக்கு எல்லோரும் ‘ஐசே’தான். “இன்னொண்டு. துப்பிப்போட்டு எழுதக்கூடாது. ஊர் விழுங்கப் போற தண்ணிய விழுங்காதவன் கையெழுத்து வைக்கக்கூடாது.”

எங்களையும் அப்படியே பழக்கினார். என் நாக்கைத் தேற்ற மட்டும் ஒரு வருடம் எடுத்தது. கருவாட்டுக் கறியில் வளர்ந்த நாக்கு இது.

குழாய்த் தண்ணீர் வந்த புதிதில் ஊர் அதை வாயில் வைக்க மறுத்தது. ‘மருந்துத் தண்ணி’ என்று பெயர் வைத்து, குளிக்கவும் கோப்பை கழுவவும் மட்டும் பாவித்தார்கள். குடிக்க வீட்டுக்கு வீடு மணல் கிணறு இருந்தது. மலசலகூடக் குழியும் அதற்குப் பத்தடி தள்ளித்தான் இருந்தது. பள்ளிவாசல் தலைவர் ஒருவர் நிலையத்துக்கே வந்து சேரிடம் கேட்டார். “தண்ணிட மணம் மாறியிரிக்கி சேர். மணம் மாறின தண்ணில தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுத்தாக் கூடுமா?”

“உங்கட புத்தகத்தில என்ன எழுதியிருக்கெண்டு மௌலவியிட்டக் கேளுங்க தலைவர். என்ட புத்தகத்தில இந்த மணம் இல்லாட்டித்தான் பயப்படச் சொல்லியிருக்கு,” என்றார் சேர்.

மௌலவி தாராளமாகக் கூடும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நோன்புக் கஞ்சிக்குக் குழாய்த் தண்ணீர் போக இரண்டு வருடம் பிடித்தது. போன பிறகோ, நிலைமை தலைகீழ். கிணறுகளை மூடி அதன்மேல் கோழிக்கூடு வைத்துவிட்டார்கள். நோன்பு மாதத்தில் பின்னேரம் ஆறு மணிக்கு இந்தக் கரை முழுவதும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும். அந்த நேரத்துக்குத் தாங்கிகள் நிரம்பியிருக்க வேண்டும் என்றால் நாலரைக்கே பம்பை ஓட்டியாக வேண்டும்.

நோன்பு மாதத்தில் எங்களுக்கு இருந்த சிக்கலை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். நிலையத்தில் சேரைத் தவிர மற்ற எல்லோரும், வாசல் காவற்காரர் உட்பட, நோன்பாளிகள். ருசி பார்க்க ஆளில்லை. அந்த ஒரு மாதமும் சேரே மூன்று நேரமும் குடித்து, எங்களுக்கும் சேர்த்து எழுதுவார். “பன்ரெண்டு பேருக்கு ஒரு நாக்கு. சம்பளத்தையும் அப்பிடியே தந்தா நல்லம்,” என்று பகிடி பண்ணுவார். எங்களுக்கு முன்னால் குடிக்கமாட்டார். கிளாஸை எடுத்துக்கொண்டு வடிகட்டி அறைக்குப் பின்னால் போய்விடுவார்.

இப்படி வருடங்கள் போயின. ஒரு வருடம் நோன்பும் கதிர்காமக் கொடியேற்றமும் ஒன்றாக வந்தன. சேருடைய மகளுக்கு நெடுநாளைக்குப் பிறகு பிள்ளை கிடைத்திருந்தது. அதற்கு நேர்த்தி வைத்திருந்தார், கால்நடையாகக் கதிர்காமம் போவதென்று. போகுமுன் பொறுப்பை என்னிடம் தந்தார்.

“ருசிக் கட்டத்துக்கு என்ன செய்ற சேர்?” என்று கேட்டேன்.

“பாக்கல்ல எண்டு எழுதுங்க. அது ஒரு பிழையுமில்ல அலியார்.”

சரி என்றேன். முதல்நாள் பேனாவை எடுத்தேன். எத்தனையோ வருடமாக வரிசையாக ‘நன்று, நன்று’ என்று வந்த கட்டத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதக் கை வரவில்லை. பொறுப்பைத் தந்தவுடன் அலியார் கவிழ்த்துவிட்டான் என்று எவனாவது சொல்வான். மற்றச் சோதனைகள் சரியாகத்தான் இருந்தன. குளத்துத் தண்ணீரும் அதே தண்ணீர். ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நோன்பு பிடித்துக்கொண்டு பச்சைப் பொய் எழுதினேன். இரண்டாம் நாள் கை கொஞ்சம் குறைவாகக் கூசியது. நாலாம் நாள் பீ.எச். மீற்றர் பழுதாகித் திருத்தக் கொழும்புக்குப் போனது. நிறம் மாற்றிப் பார்க்கிற திரவமும் முடிந்துபோனது. வரும் வரும் என்றார்கள். நான் முந்தின நாள் எண்ணையே எழுதிக்கொண்டு வந்தேன். இப்படிப் பத்து நாள் போனது.

இனி உதுமாலெவ்வைக் காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் கூப்பிடுவது உதுமாங்காக்கா என்று. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மாவடிப்பள்ளிக்காரர், காலை முறைக்கு நிற்பவர். பின்னேர முறை எனக்கு. பின்னேரத் தொழுகையான அஸர் முடித்துத்தான் ஆள் மாறுவோம். நோன்பு மாதத்தில் செய்கிற நன்மைக்குக் கூலி பல மடங்கு, அதையும் மறைவாகச் செய்தால் இன்னும் விசேஷம் என்று இரவில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு சொல்கிற பயானில் கேட்டாலும் கேட்டோம், எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு போட்டி தொடங்கிவிட்டது. நான் கழுவ வேண்டிய தரையை அவர் கழுவிவிட்டுப் போவார். அவர் கிரீஸ் போட வேண்டிய பம்புக்கு நான் முன்கூட்டியே வந்து போட்டு வைப்பேன். யார் செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. ஆனால் ‘கண்டுபிடித்துவிட்டாரா’ என்று ஓரக்கண்ணால் பார்ப்போம். நன்மைக் கொள்ளை என்றால் அப்படியொரு கொள்ளை.

பதினோராம் நாள் பகல் வேளைக்கே வந்துவிட்டேன். உதுமாங்காக்கா லுஹர் தொழப் போயிருந்தார். சீனக்காரத் தொட்டியைக் கழுவி வைத்திருந்தார். ஒரு தொட்டிக்கு நாலு மூட்டை; தொழுதுவிட்டு வந்து அவர்தான் தூக்கிக் கொட்ட வேண்டும். இடுப்பில் நாரி நோவுக்காரர், நோன்பு வேறு. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? நாலு மூட்டையையும் நானே கொட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, வெறும் சாக்குகளை மடித்து மூலையில் வைத்துவிட்டு, கள்ளன் மாதிரி வடிகட்டி அறைக்கு நழுவிவிட்டேன்.

அஸர் தொழுதோம். பதிவேட்டில் என் பெயரைப் போட்டேன். உதுமாங்காக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சிரிப்பு இல்லை, ‘ம்’ என்று ஒரு செருமல் இல்லை. நாலு மூட்டை! எனக்குப் பொறுக்கவில்லை. மறைவாகச் செய்த நன்மைதான், ஆனாலும் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா?

“என்ன காக்கா, இண்டைக்கு நாரி நோவு குறைவு போல?” என்று மெல்ல விட்டேன்.

“குறைவா? நாலு மூட்டையத் தூக்கினதில முறிஞ்சுபோய்ட்டுது. எழும்ப ஏலாமக் கிடக்கி.”

“எந்த நாலு மூட்ட?”

“சீனக்காரம்தான். பின்ன, சீனியா? தொழுதிட்டு வந்து பாத்தா தண்ணி திறந்து கிடக்கி. நோன்புக் களைப்பில நான்தான் திறந்து உட்டிட்டுப் போயிரிக்கன். அதுக்குள்ளேயே கொட்டினன்.”

மூலைக்கு ஓடினேன். மடித்த சாக்கு எட்டுக் கிடந்தது. உதுமாங்காக்காவும் பின்னால் வந்து எண்ணிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“அடேய்,” என்றார். “நீ நன்ம செய்தியாடா?”

“ஓம் காக்கா.”

மூன்று மணித்தியாலமாக இரட்டிப்பு மருந்து போயிருக்கிறது. கரைசலை உடனே நிறுத்தி, காலைக் கரைசல் மிஞ்சியிருந்த மற்றத் தொட்டிக்கு மாற்றினோம். ஆனால் போனது எவ்வளவு தூரம் போயிருக்கிறது? அடையல் தொட்டியிலேயே நின்றிருந்தால் தப்பினோம். தெளிநீர்த் தொட்டிக்குள் இறங்கியிருந்தால், இன்னும் முக்கால் மணித்தியாலத்தில் பம்பு அதைத்தான் ஊருக்கு ஏற்றும். அளவு கடந்த சீனக்காரம் போன தண்ணீர் கண்ணுக்கு நல்ல துலக்கமாக இருக்கும், மணமும் இருக்காது. நாள் முழுக்க வெறுவயிற்றில் இருந்த சனம் அதைத்தான் முதல் மடக்காகக் குடிக்கும். குழந்தை, கர்ப்பிணி, சிறுநீரக வருத்தக்காரர், எல்லோரும். பம்பை நிறுத்தினால், நோன்பு திறக்கிற நேரம் பாதி ஊருக்குத் தண்ணீரே இருக்காது. கிணற்றின்மேல் கோழிக்கூடு. மீற்றர் கொழும்பில். சேர் வினாயகபுரம் தாண்டிப் போனதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். இப்போது உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள் நடப்பார், போன் வேலை செய்யாது.

“நாக்குத்தான் பாக்கணும்,” என்றேன்.

“ஆர்ர நாக்கு?” என்றார் உதுமாங்காக்கா. வீதியில் போகிற யாராவது நோன்பில்லாத ஆளைப் பிடித்து வரலாம் என்று வாசலுக்கு ஓடினார். நோன்பு மாதத்தில் அஸர் நேரம் வீதியில் எவன் போவான்? ஒரு பசுமாடு நின்றது. மனிதர் ஒரு வாளி தண்ணீரை அதன் முன்னால் வைத்துவிட்டார். மாடு வாளியின் அடிவரை உறிஞ்சிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

“மாடு குடிக்கிது! நல்ல தண்ணிதான்!”

“மாடு ஊத்த வடிச்சல்லயும் குடிக்கும் காக்கா.”

சேருடைய லாச்சியைத் திறந்தேன். துணியை அவிழ்த்துக் கிளாஸை எடுத்தேன். வாயில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது. கஞ்சி காய்ச்சுகிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதுதானே. ஒரு வாய் எடுத்து உருட்டித் துப்பினேன். கசந்தது. ஆனால் அந்த நேரத்தில் நோன்பாளியின் வாயில் தேனை விட்டாலும் கசக்கும். இரண்டாம் வாய். துவர்ப்பா, வெறும் வறட்சியா? மூன்றாம் வாய். சத்தியமாகத் தெரியவில்லை.

ஏழு வயதில் முதல் நோன்பு பிடித்தேன். காய்ச்சலோடு பிடித்திருக்கிறேன், நெல் வெட்டிக்கொண்டு பிடித்திருக்கிறேன். பெரிய ஆளானதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை என்று ஊரில் கொஞ்சம் பெருமையும் அடித்திருக்கிறேன். பதிவேடு மேசையில் திறந்து கிடந்தது. பத்து நாள் ‘நன்று’. எல்லாம் என் கையெழுத்து. விழுங்காதவன் கையெழுத்து வைக்கக்கூடாது என்ற அந்த மனிதரின் குரல் காதுக்குள் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

நாலாவது வாயை விழுங்கினேன். மூக்கால் மூச்சு விட்டேன். நின்றேன். கொஞ்சம் பிந்தி, தொண்டைக்குள் ஒரு பிடிப்பு. பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கு இரண்டு பக்கமும் சுருங்கியது. சந்தேகமே இல்லை. சவரக்காரர் தடவுகிற கல்தான்.

“விழுங்கிட்டியா?” என்று கேட்டார் உதுமாங்காக்கா.

“விழுங்கிட்டன்.”

மேலிடத்து அதிகாரிக்குப் போன் எடுத்தேன். தெளிநீர்த் தொட்டியை முழுக்க வெளியே விடப் போகிறேன், பம்பு ஓடாது என்றேன்.

“உங்களுக்குப் பைத்தியமா? நோன்பு திறக்கிற நேரம் தண்ணிய நிப்பாட்டினா என்னையும் சேத்து அடிப்பாங்க. மீற்றர் என்ன சொல்லுது?”

“மீற்றர் திருத்தப் போயிட்டு சேர்.”

“அப்ப என்னத்த வெச்சுச் செல்றீங்க?”

“நாக்க வெச்சு.”

“நோன்பில்லையா நீங்க?” என்று கேட்டார்.

“இப்ப இல்ல சேர்.”

“செய்ங்க,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் கேள்வி கேட்காமல் சம்மதித்தது அந்த ஒரு தடவைதான்.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் வடிச்சலில் விட்டோம். வடிகட்டிகளைக் கழுவினோம். உதுமாங்காக்கா வீட்டுக்குப் போகவில்லை. நாரியைப் பிடித்துக்கொண்டு எல்லா வால்வையும் என்னோடு சேர்ந்து திருகினார். இடையில் மெல்லச் சொன்னார்: “ரெஜிஸ்டர்ல நான்தான் ரெண்டு தரம் கொட்டின எண்டு எழுதிரு. எனக்குப் பென்சனுக்குக் கிட்ட. உனக்குப் பிள்ளைகள் சின்ன.” பாருங்கள், அந்த நேரத்திலும் மனிதர் நன்மை சேர்க்கப் பார்க்கிறார்.

“காணும் காக்கா, இண்டைக்கு நாம செய்த நன்ம,” என்றேன். பதிவேட்டை எடுத்து ருசிக் கட்டத்தில் ‘துவர்ப்பு’ என்று எழுதினேன். குறிப்பில் ‘சீனக்காரம் இரட்டிப்பு. நான் செய்தது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த மாதத்தில் நான் விழுங்கி வைத்த முதல் கையெழுத்து.

ஊர்ப் பள்ளிகளில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. குழாயில் வருவதைச் சிக்கனமாகப் பாவியுங்கள், கிணற்றில் அள்ளிக் கொதிக்க வையுங்கள் என்று முதலில் மரியாதையாகத்தான் அறிவித்தார்கள். எங்கள் பள்ளியில் மட்டும் கூடுதல் விளக்கம்: “எங்கட அலியார் காக்காதான் தண்ணியப் பூட்டியிரிக்காராம்.” கோழிக்கூடுகள் இறங்கின. சுபைதா போன் எடுத்தாள். “நீங்க வேலயப் பாக்காத நாளெல்லாம் தண்ணி வந்திச்சி. கவனமாப் பாத்த நாள் பாத்துத் தண்ணியில்ல,” என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னாள்.

நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. காவற்காரர் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கேத்தலில் கொண்டு வந்தார். உதுமாங்காக்கா பேரீச்சம்பழத்தை நீட்டினார்.

“எனக்கு நோன்பில்லையே காக்கா.”

“நோன்பில்லாட்டியும் பசி இரிக்கிதானே. தின்,” என்றார். தின்றேன்.

விடியுமுன் உண்கிற சஹருக்கு முன் ஊருக்கு நல்ல தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் மௌலவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “பெருநாள் முடிஞ்சு ஒரு நோன்பு பிடிச்சு அதக் கழாச் செய்ங்க,” என்றார். எழும்பப் போகும்போது, “அது சரி அலியார், எங்கட பள்ளித் தாங்கி இன்னும் நிரம்பல்ல,” என்றார்.

சேர் பெருநாளைக்கு இரண்டு நாள் முன்னர் வந்து சேர்ந்தார். தாடியும் காலில் கொப்புளமுமாக, பாதியாய் இளைத்திருந்தார். வந்ததும் பதிவேட்டைத்தான் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“நோன்பு பிடிச்சுக்கொண்டு எப்பிடி ஐசே பத்து நாளும் ருசி பாத்த நீங்க?”

“பாக்கல்ல சேர்.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவப்புப் பேனாவை எடுத்து, பத்து நாள் ‘நன்று’களையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், நான் பார்க்கப் பார்க்க வெட்டினார். ‘துவர்ப்பு’ வந்ததும் பேனாவை மூடினார். மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதியபோது, ருசி பார்க்க ஆள் ஒழுங்கு செய்யாமல் லீவில் போனது தன் பிழை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். மாணிக்க கங்கைத் தண்ணீர். யாத்திரை போன சனம் எல்லாம் முங்கிக் குளித்த இடத்தில் அள்ளியது.

“சோதிக்கவா சேர்?”

“சோதிங்க,” என்றார். “மறுகா, முடிவ மட்டும் என்னட்டச் சொல்லவேண்டாம்.”

பெருநாள் கழிந்து ஒரு வியாழக்கிழமை அந்த ஒரு நோன்பைக் கழாச் செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பின்னேர முறையில் நின்றேன். மற்ற எல்லோரும் தேத்தண்ணியும் வடையுமாக இருக்க, நான் தனியே பம்பறைப் பக்கம் ஒதுங்கியிருந்ததைச் சேர் கண்டிருக்க வேண்டும். பொழுது படுகிற நேரம் கிளாஸோடு வந்தார். தெளிநீர்த் தொட்டியில் எடுத்த தண்ணீர், பாதிக் கிளாஸ். பாங்கு சொல்லும் வரை பக்கத்தில் நின்றார். நான் நோன்போடு நிற்க, என் முன்னால் அவர் குடித்தது இத்தனை வருடத்தில் அன்றுதான். ஒரு வாய், கண்ணை மூடி, உருட்டி, விழுங்கி, மூச்சு விட்டு. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு போகிறது, மனிதர் அவசரப்படுகிறாரா என்றால் இல்லை.

“நன்று,” என்றார். “இப்ப நீங்க.”

யாரையும் தொட விடாத அந்தக் கிளாஸை என் கையில் தந்தார். பிஸ்மி சொல்லிக் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியை எழுத எனக்குத் தமிழ் காணாது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, ருசிக் கட்டத்தில் அவர் கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே என்னையும் வைக்கச் சொன்னார்.

சேர் இப்போதும் காரைதீவில் இருக்கிறார். கடைப் போத்தல் தண்ணீரில் ருசியே இல்லை என்று போகிற வருகிறவரிடமெல்லாம் முறைப்பாடு. இதை எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த மாட்ட எழுதாம விட்டிருக்கலாம்,” என்றார்.

இவ்வளவையும் பர்ஹானா மிஸ் வாசிக்க நேரமிருக்காது என்று தெரியும். அதனால் போனில், விரலால் தட்டி, ஒரே ஒரு வரி அனுப்பினேன்.

‘அண்டைக்கு ரெண்டு பேரும் குடிச்ச நாங்க மிஸ்.’